பாறைமேல் கிடக்கும் பைப்: தருமபுரி, கிருஷ்ணகிரி வெயில் பிளாஸ்டிக் குழாய்களை என்ன செய்கிறது?

பென்னாகரம், பாலக்கோடு, சூளகிரி, வேப்பனப்பள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் காட்டில் (விளைநிலத்தில்) இதைப் பார்க்கலாம். போர்வெல்லிலிருந்து கிளம்பும் பிவிசி பைப் கொஞ்ச தூரம் மண்ணுக்குள் போகும். பாறை தலைகாட்டும் இடத்தில் மேலே ஏறி வெட்டவெளியில் நெடுக ஓடும். மறுபடி மண் கிடைக்கும் இடத்தில் உள்ளே இறங்கும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் மேல்மண் மெல்லியதுதான், அடியில் கெட்டிப் பாறை. கால்வாய் எடுக்க வேண்டுமானால் கம்ப்ரசர் வைத்து உடைக்க வேண்டும், அந்தக் கூலி பைப் விலையைத் தாண்டிவிடும். அதனால் பைப் மேலேயே கிடக்கிறது.

சில வருடம் கழித்து உடைவதும் அந்த மேலே கிடக்கும் பகுதிதான். மண்ணுக்குள் இருக்கும் துண்டைத் தோண்டி எடுத்தால் வாங்கிய அன்றைய சாம்பல் நிறத்திலேயே இருக்கும். வெளியே கிடந்த துண்டு வெளுத்தோ பழுப்பேறியோ, தட்டினால் நொறுங்குகிற நிலையில் இருக்கும். ஒரே கடை, ஒரே பைப், ஒரே நாளில் போட்டது. "சூடு தாங்கல, அதான் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த முறை 6 கிலோ பைப்புக்குப் பதில் 10 கிலோ பைப் (சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் தாங்குவது) வாங்கிப் போடுகிறோம். அதுவும் அதே மாதிரி மொறுமொறுப்பாகிறது. முதல் குற்றவாளி சூடு இல்லை. வெயிலில் சூடும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் இருக்கிறது. இரண்டும் பைப்பைக் கெடுக்கும், ஆனால் வெவ்வேறு விதமாகக் கெடுக்கும். எது என்ன செய்கிறது என்று தெரியாமல் காசு போட்டால் காசு வீணாகும்.

தரைக்கு வந்து சேரும் புற ஊதாக் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை. அதற்குக் கீழே இருப்பதை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. மொத்த வெயிலின் ஆற்றலில் இது ஐந்தாறு சதவீதம்தான். ஆனால் இங்கே மொத்த அளவை விட, ஒவ்வொரு ஒளித்துகளும் சுமந்து வரும் ஆற்றல்தான் முக்கியம். 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். பிளாஸ்டிக்கின் முதுகெலும்பான கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க 350 கிலோஜூல் அளவு போதும். பிவிசியில் இருக்கும் கார்பன்–குளோரின் பிணைப்புக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி கொண்டுவருவது 220 கிலோஜூல் அளவுதான். நாம் சூடாக உணரும் அகச்சிவப்புக் கதிரில் அதைவிடவும் குறைவு. எவ்வளவு நேரம் அடித்தாலும் அகச்சிவப்புக் கதிர் பைப்பை இளக்கும், நெளிக்கும், நீட்டும். மூலக்கூறை நேரடியாக அறுக்கிற வேலையைச் செய்வது புற ஊதாக் கதிர்.

இதில் ஒரு வரலாற்று விந்தையும் உண்டு. 1872-ல் ஆய்கன் பாமன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வினைல் குளோரைடு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெயிலில் வைத்தார். உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் உருவானது. அதுதான் பிவிசி. சின்ன மூலக்கூறுகளைக் கோத்துச் சங்கிலியாக்கிய அதே வெயில்தான் இன்று நம் காட்டில் அந்தச் சங்கிலியை அறுக்கிறது.

நம் ஊர் இருக்கும் இடமும் இதற்குச் சாதகமாக இல்லை. இரண்டு மாவட்டங்களும் ஏறத்தாழ 12 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. சித்திரையில் ஒரு முறை, ஆவணித் தொடக்கத்தில் ஒரு முறை சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது. ஆண்டின் மற்ற நாட்களிலும் மதிய வெயில் பெரிதாகச் சாய்வதில்லை. நேராக விழும் ஒளி காற்று மண்டலத்தில் குறைந்த தூரமே கடப்பதால், வழியில் வடிகட்டப்படும் புற ஊதாவும் குறைவு. மேகம் போட்ட நாளென்றால் தப்பித்தோம் என்றும் இல்லை, மெல்லிய மேகத்தைத் தாண்டி அது வந்துவிடும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது, தருமபுரி நகரம் அதில் பாதி உயரம்தான். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிரின் வலு கூடும், 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே அரூரை விடக் குளிர்ச்சியான ஓசூரில் பைப் மேல் விழும் புற ஊதா குறைவாக இருக்க வழியில்லை, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிணைப்பு அறுந்த பிறகு நடக்கும் வேதிவினைகள் சூட்டில் வேகமாக நடக்கும் என்பதால் அரூர்க்காரருக்கு அந்த வகையில் நஷ்டம் அதிகம். ஆனால் "நம்ம ஊரு குளுகுளுன்னுதானே இருக்கு" என்று மொட்டை மாடியில் பைப்பை மூடாமல் விடுவது சரியில்லை. குளிர்ந்த காற்று கதிரைத் தடுப்பதில்லை.

பைப்பின் தோலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். குறையே இல்லாத பிவிசிச் சங்கிலி, தரைக்கு வரும் புற ஊதாவைப் பெரிதாக உறிஞ்சாது. ஆனால் தொழிற்சாலையில் உருக்கி இழுக்கும்போதே சங்கிலியில் அங்கங்கே பலவீனமான இடங்களும் அசுத்தங்களும் சேர்ந்துவிடுகின்றன. கதிரைப் பிடித்துக்கொள்வது அந்த இடங்கள்தான். அங்கே ஒரு குளோரின் அணு கழன்று, பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறுகிறது. அது போன இடத்தில் இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. அதனால் அடுத்த குளோரினின் பிடி தளர்கிறது, அதுவும் கழல்கிறது. இப்படி வரிசையாகக் கழன்றுகொண்டே போகும். வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடே மேற்கொண்டு கழல்வதைத் துரிதப்படுத்துகிறது. இரட்டைப் பிணைப்புகள் அடுத்தடுத்து நீளமாகச் சேரும்போது அந்தப் பகுதிக்கு நிறம் வந்துவிடும், முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு. பைப் பழுப்பாவது அழுக்கால் அல்ல, தேய்த்துக் கழுவினாலும் போகாது.

இதற்கிடையே காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்கிறது. சங்கிலிகள் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகின்றன. பிளாஸ்டிக்குக்கு நெகிழும் குணத்தைக் கொடுப்பதே நீளச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். துண்டாகிவிட்டால் பின்னல் இல்லை, நெகிழ்வும் இல்லை. மேல் தோல் அரிக்க அரிக்க, உள்ளே கலந்திருந்த வெள்ளைப் பொடிகள் வெளியே வந்து நிற்கும். பழைய பைப்பைத் தடவினால் கையில் ஒட்டும் வெண்பொடி இதுதான்.

இதையெல்லாம் தாமதப்படுத்தத்தான் பைப் செய்யும்போதே டைட்டானியம் டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். வெள்ளை பெயின்டில் இருக்கும் அதே பொருள். புற ஊதாவைத் தானே உறிஞ்சிக்கொண்டு, உள்ளே இறங்கவிடாமல் தடுக்கும். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வெளியில் கிடக்கும் பைப்பின் ஆயுள். வெளியில் நிற்பதற்கென்றே செய்யும் பிவிசி ஜன்னல் சட்டங்களில் இதைத் தாராளமாகப் போடுவார்கள். மண்ணில் புதைப்பதற்கென்று செய்யும் விவசாய பைப்பில் அந்த அளவு எதிர்பார்க்க முடியாது. விலை அப்படி. மண்ணுக்கடியில் போக வேண்டிய பொருளை வெயிலில் போட்டுவிட்டு, வெயில் தாங்கவில்லையே என்கிறோம்.

இனி வருவதுதான் பலரும் கவனிக்காத விஷயம். இந்தச் சேதம் முழுக்க மேல் தோலோடு நிற்கிறது. ஒன்றிரண்டு வருடம் வெயிலில் கிடந்த பிவிசி பைப்பில் பாதிப்பு இறங்கும் ஆழம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. பழுப்பேறிய தோல், வரும் கதிரைத் தானே பிடித்துக்கொண்டு அடியில் இருப்பதைக் காப்பாற்றுகிறது. எனவே சுவரின் பெரும்பகுதி கெடாமல் இருக்கும். மோட்டாரைப் போட்டு அழுத்தம் கொடுத்துப் பார்த்தால் பைப் தாங்கும். "பாக்கத்தான் அப்படி இருக்கு, நல்லாத்தான் ஓடுது" என்று நாமும் விட்டுவிடுவோம்.

போவது அடி தாங்கும் திறன். விறைத்துப்போன மேல் தோல், சின்ன அடிக்கே கீறல் விடும். அந்தக் கீறல் தோலோடு நிற்காது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் மொத்தப் பாக்கெட்டும் சுலபமாகக் கிழிந்துவிடுகிறது அல்லவா, அதேபோல் மேலே விழுந்த நுண்கீறலில் விசை முழுதும் குவிந்து, கெடாத சுவரையும் பிளந்துகொண்டு ஓடும். மாட்டுக் குளம்பு, டிராக்டர் சக்கரம், மாந்தோப்பில் விழும் கிளை, நழுவி விழும் கடப்பாறை, ஏதோ ஒன்று போதும். புது பைப் நெளிந்து கொடுத்திருக்கும், பழைய பைப் கண்ணாடியாகத் தெறிக்கும். குளிரில் பிவிசி இன்னும் விறைப்பாகும். அதனால் பங்குனியிலும் சித்திரையிலும் வெயில் செய்த வேலை, மார்கழிக் காலையில் பைப்பை மிதிக்கும்போது வெளியே தெரியலாம். உடைந்தது குளிர்காலத்தில் என்பதால் யாரும் வெயிலை நினைப்பதில்லை.

அடி என்பது வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீரே அடிக்கும். பைப்பில் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை கேட் வால்வை மூடிச் சட்டென்று நிறுத்தினாலும், கரண்ட் போய் மோட்டார் திடீரென்று நின்று மேட்டில் ஏறிய தண்ணீர் திரும்பினாலும், உள்ளே ஒரு அழுத்த அலை கிளம்பும். பிவிசி பைப்பில் அந்த அலை வினாடிக்கு 400 மீட்டர் அளவு வேகத்தில் ஓடும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கூடுதலாக ஏறும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ. கடைக்காரர் பாஷையில் சொன்னால், 4 கிலோ பைப்பின் முழுத் தாங்குசக்தியும் அந்த ஒரு அடியிலேயே தீர்ந்துபோகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அழுத்தம் தனி. ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்து, கரண்ட் வரும்போதும் போகும்போதும் மோட்டார் தானாக ஓடி நிற்கும் காடுகளில் இந்த அடி தினமும் விழுகிறது. தோல் கெட்ட பைப் என்றைக்காவது ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். வால்வை மெதுவாக மூடுவதும், மோட்டாருக்குப் பக்கத்தில் நல்ல நான் ரிட்டர்ன் வால்வு வைப்பதும், மேடான இடத்தில் ஏர் வால்வு வைப்பதும் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத காரியங்களாகத் தோன்றும். ஆனால் வெயிலில் கிடக்கும் பைப்புக்கு இவைதான் கூடுதல் ஆயுள் தரும்.

சூடு செய்யும் சேதம் வேறு கணக்கு. குடிநீருக்கான யுபிவிசி (விறைப்பான பிவிசி) பைப்பின் இந்தியத் தரம் ஐஎஸ் 4985. அதன்படி பைப் மேல் அச்சடித்திருக்கும் கிலோ 27 டிகிரி வெப்பத்துக்கானது. 45 டிகிரிக்குப் போனால் அதே பைப் பாதுகாப்பாகத் தாங்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை பைப் குளிர்ந்தே இருக்கும். மதியம் காலியாகக் கிடக்கும் பைப்புதான் பாறைச் சூட்டையும் வாங்கிக்கொண்டு கொதிக்கும். கல்லுக்குக் கல் முட்டுக் கொடுத்து வைத்த பைப் நடுவில் தொய்ந்துபோவது அப்போதுதான். அந்தச் சமயத்தில் மோட்டாரைப் போட்டால் இளகிய சுவர் மேல் முழு அழுத்தம் விழுகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பைப் சுருங்கவும் செய்கிறது. 6 மீட்டர் நீளமுள்ள ஒரு பிவிசி பைப் 30 டிகிரி மாற்றத்துக்குச் சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். பத்து பைப் சேர்ந்த நீளத்துக்கு அது 12 சென்டிமீட்டருக்கு மேல். அந்த இழுவை முழுக்க எல்போவிலும் டீயிலும் கப்ளிங்கிலும் போய் நிற்கும். பைப் நன்றாக இருந்து, ஜாயின்ட் மட்டும் அடிக்கடி விடுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீள ஓட்டத்தில் அங்கங்கே ரப்பர் ரிங் வைத்த ஜாயின்ட் போட்டால் அது உள்ளேயே நகர்ந்து கொடுக்கும்.

பாலிஎத்திலீன் விஷயத்தில் நாம் கொஞ்சம் பாக்கியசாலிகள். சொட்டுநீர் லேட்டரல் (செடி வரிசையோரம் ஓடும் மெல்லிய குழாய்), கறுப்பு ஹோஸ், எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) பைப் எல்லாம் இந்தக் குடும்பம். வெறும் பாலிஎத்திலீன் வெயிலில் பிவிசியை விட மோசமாகவே நடந்துகொள்ளும். ஆக்சிஜன் ஏறி, சங்கிலி அறுந்து, தொட்டால் பொடியாகும். வெயிலில் கட்டிய சாதாரண பிளாஸ்டிக் கயிறு நூல்நூலாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள் (அது பெரும்பாலும் இதன் பங்காளியான பாலிப்ரொப்பிலீன்). ஆனால் இவற்றோடு கரித்தூள் சேர்க்க முடியும். மிக நுண்ணிய கரித்துகள் கதிரை மேலேயே விழுங்கி வெறும் சூடாக மாற்றிவிடுகிறது. குடிநீர் எச்டிபிஇ பைப்புக்கான ஐஎஸ் 4984 தரம் 2.5 சதவீதக் கரித்தூள் கேட்கிறது, அரை சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அளவு மட்டும் போதாது, கட்டி தட்டாமல் சீராகக் கலந்திருக்கவும் வேண்டும். அப்படிச் செய்த கறுப்பு பைப் பல வருடம் வெட்டவெளியில் கிடக்கும். பாறைமேல்தான் போயாக வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த ஓட்டத்துக்கு மட்டுமாவது பிவிசியை விட்டு எச்டிபிஇ போடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. விலை கூடுதல்தான். வளைந்து கொடுக்கும், மிதித்தாலும் தெறிக்காது, நீளச் சுருளாக வருவதால் ஜாயின்ட்டும் குறைவு. சூட்டில் பிவிசியை விட இரண்டு மூன்று மடங்கு நீளும் என்பதால், விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் நெளிவு விட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

லேட்டரல் குழாய் மதியத்தில் பாம்பாக நெளிந்து செடியை விட்டு விலகிப்போவதும் இந்த நீட்சியால்தான். 100 மீட்டர் லேட்டரல் 30 டிகிரி சூடேறினால் அரை மீட்டருக்கு மேல் நீளும். கடைசி முனையில் மட்டும் முளை அடித்தால் போதாது, இடையிடையேயும் பிடிப்பு வேண்டும். தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட் போடும் பாலக்கோடு, ராயக்கோட்டை விவசாயிகளுக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு: ஷீட்டுக்கு அடியில் ஓடும் லேட்டரல் மேல் வெயிலே படுவதில்லை. அறுவடை முடிந்ததும் அதைச் சுருட்டி வரப்பில் போட்டுவிட்டால் அந்த லாபம் அங்கேயே கரைந்துவிடும். சும்மா கிடக்கும் காலத்தில்தான் குழாய் அதிகம் வெயில் வாங்குகிறது. கொட்டகையில் தொங்கவிடுங்கள், இடம் இல்லையென்றால் தென்னை ஓலையாவது போட்டு மூடுங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீர்க் கருவிகள் முழு மானியத்தில் கிடைக்கின்றன. ஆனால் அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும். நான்காம் வருடம் லேட்டரல் நொறுங்கினால் மிச்சக் காலம் கைக்காசுதான்.

ஓசூர் பக்கம் ரோஜா வளர்ப்பவர்களுக்கு இதையொட்டி ஒன்று. பாலிஹவுஸ் மேல் போடும் ஷீட் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பதால் அதில் கரித்தூள் சேர்க்க முடியாது. அறுந்த முனைகளைப் பிடித்து அடக்குகிற அமீன் வகை ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். சாம்பல் நோய்க்காகக் கந்தகம் அதிகம் பயன்படுத்தினால், அதிலிருந்து வரும் அமிலம் அந்த ரசாயனத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். குளோரின் கலந்த மருந்துகளும் அப்படியே. ஷீட் சொன்ன காலத்துக்கு முன்பே கிழிந்தால், ஷீட்டோடு சேர்த்து அடித்த மருந்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கந்தகம் பயன்படுத்தும் பழக்கம் இருப்பதை ஷீட் வாங்கும்போதே சொல்லிவிட்டால், அதற்கேற்ற ரகம் உண்டா என்று கேட்டு வாங்கலாம்.

காட்டு பைப் உடைந்தால் ஒரு பாய்ச்சல் போகும். குடிநீர்க் குழாய் உடைந்தால் கதை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், பற்களில் கறையும் எலும்பில் கோளாறும் பல தலைமுறைத் துன்பம். அதற்காகவே வந்தது 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் வீட்டு வாசல் வரை குழாய் கொண்டுவந்தது. பல மைல் தூரம் தண்ணீர் பத்திரமாக மண்ணுக்குள் வருகிறது. வீட்டு வாசலில் மேலே எழும் கடைசி இரண்டடி பைப்தான் வெயிலில் நிற்கிறது, சைக்கிள் சாய்வதும் குடம் இடிப்பதும் அதன் மேல்தான். அந்த இரண்டடி உடைந்து கிடக்கும் நாட்களில் அந்தக் குடும்பம் மறுபடி போர் தண்ணீருக்குத்தான் போக வேண்டியிருக்கும். உடையாமல் வெறும் விரிசல் விட்டாலும் ஆபத்துதான். நம் ஊர்களில் தண்ணீர் முறை வைத்து வருகிறது. விடாத நேரத்தில் குழாய் காலியாகி உள்ளே வெற்றழுத்தம் உண்டாகும்போது, தரையை ஒட்டியிருக்கும் விரிசல் வழியாகக் குழாயடியில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அந்த இரண்டடிக்கு ஜிஐ பைப் போடலாம், அல்லது சுற்றிச் சிமென்ட் பூசிக் கட்டிவிடலாம். செலவு சொற்பம். இதை ஒவ்வொரு ஊராட்சியும் கட்டாயமாகச் செய்ய வேண்டும்.

பைப் கெட்டுப்போனால் உள்ளே ஓடும் தண்ணீரும் கெட்டுவிடுமா என்ற கவலை பலருக்கு உண்டு. வெயில் கெடுப்பது வெளித்தோலை, தண்ணீர் தொடுவது உள்சுவரை. ஐஎஸ் 4985 தரத்தில் பைப் சுவர் வழியாகக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.2 சதவீதத்துக்கு மேல் ஊடுருவக் கூடாது என்றே விதி இருக்கிறது. ஒளி உள்ளே போனால் பாசி பிடிக்கும், சொட்டுவான் அடைக்கும். ஒளி புகாத பைப்பில் உள்சுவருக்கு வெயிலால் ஆபத்தில்லை. ஈயம் தனிப் பிரச்சினை. பிவிசி சூட்டில் சிதையாமல் இருக்க நெடுங்காலம் ஈய உப்புகளைச் சேர்த்து வந்தார்கள். பிவிசி பைப்புகளில் ஈயத்தைக் கைவிடச் செய்ய மத்திய அரசு 2021-ல் தனி விதிகள் கொண்டுவந்தது. குடிநீருக்குப் புது பைப் வாங்கும்போது ஈயம் இல்லாதது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

வாங்கும்போது இன்னொரு தவறான நம்பிக்கையையும் விட வேண்டும். "அண்ணா, கனமான பைப்பா பாத்துக் குடுங்க" என்று கேட்பது வழக்கம். தடிமன் கூடியதால் கனம் என்றால் சரி. ஒரே தடிமனில் ஒன்று மட்டும் கனமாக இருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை. விலை குறைக்கச் சேர்க்கும் சுண்ணாம்புத்தூளின் அடர்த்தி பிவிசியை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐஎஸ் 4985-ன்படி பைப்பின் அடர்த்தி 1.40 முதல் 1.46 வரை இருக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு துண்டை நன்றாக எடை போடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை மூழ்கடித்து, வழிந்த தண்ணீரைப் பிடித்து எடை போடுங்கள். முதல் எடையை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி. 1.5-ஐ நன்றாகத் தாண்டினால் சுண்ணாம்பு தாராளம் என்று அர்த்தம். அந்த பைப்புக்கு முதல் நாளே அடி தாங்கும் திறன் குறைவு, அதற்கு மேல் வெயில் வேறு. கடை வாசலில் வெயிலில் அடுக்கியிருக்கும் பைப்பையும் தவிர்த்துவிடுங்கள். அடுக்கின் மேல் வரிசை ஏற்கெனவே கொஞ்சம் ஆயுளைச் செலவழித்துவிட்டது. மேல் பக்கமும் கீழ் பக்கமும் நிறம் வேறுபட்டால் அதுவே சாட்சி.

போட்டாகிவிட்ட பைப்பைக் காப்பாற்ற மண்ணை விடச் சிறந்தது எதுவும் இல்லை. புற ஊதாவைத் தடுக்கச் சில விரற்கடை மண்ணே போதும், ஆழமாகத் தோண்டுவது வண்டி பாரத்துக்காகவும் ஏர்க்கொழுவுக்காகவும்தான். பாறைமேல் தோண்ட முடியாது, ஆனால் பைப்பின் இருபக்கமும் கல் அடுக்கி நடுவில் மண் நிரப்பி வரப்பாகக் கட்டலாம். கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஒரு எச்சரிக்கை: உடைத்த கிரானைட் கல்லை நேரடியாக பைப் மேல் போடக் கூடாது. கூரான முனை ஒரே இடத்தில் அழுத்தி, அதுவே பிளவுக்கு ஆரம்பமாகும். முதலில் சலித்த மண், அதன் மேல் கல். மழையில் மண் அரிக்கும், வருடம் ஒரு முறை மறுபடி போட வேண்டியிருக்கும்.

மாடிக்கும் சுவருக்கும் மண் போட முடியாது, அங்கே பெயின்ட்தான். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட், வெளிர் நிறத்தில். தின்னர் கலக்கும் எண்ணெய் பெயின்டைத் தவிருங்கள், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கக்கூடும். சோலார் ஹீட்டருக்குப் போகும் சிபிவிசி பைப்புக்கும் இது பொருந்தும். அதைச் சுடுநீர் தாங்கும் பைப் என்று வாங்குகிறோம், சுடுநீர் தாங்கும், புற ஊதா தாங்கும் என்று பொருளில்லை. பெயின்ட் பிடிக்க வேண்டுமானால் முதலில் உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்து, துடைத்துவிட்டு இரண்டு கை அடிக்க வேண்டும்.

ஏற்கெனவே உடைந்ததைச் சரிசெய்யும்போது பலரும் உடைந்த இடத்தை ஒட்டியே அறுத்துப் புதுத் துண்டைச் சேர்க்கிறார்கள். பொடி பூத்த தோல்மேல் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது. அது கரைத்து ஒட்டுவது பைப்பின் நல்ல பிளாஸ்டிக்கை, கெட்ட தோலை அல்ல. முடிந்தவரை மண்ணுக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பகுதி வரை போய் அறுங்கள். முடியாவிட்டால், ஒட்டப்போகும் இடம் முழுக்கப் பழுப்பு போகும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். பாதிப்பு மேலோட்டமானது என்பதால் கொஞ்சம் தேய்த்தாலே நல்ல நிறம் தெரியும். அறுக்கும்போது கத்தியால் தட்டி உடைக்காமல் ரம்பத்தால் அறுங்கள், தட்டினால் கீறல் நீளமாக உள்ளே ஓடும். கழித்த பிவிசித் துண்டுகளைக் காட்டு ஓரத்தில் குப்பையோடு போட்டுக் கொளுத்தக் கூடாது. எரியும் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடையும் டையாக்சின் என்னும் கொடிய நச்சுகளையும் கக்கும். நொறுங்க ஆரம்பித்த லேட்டரலையும் மண்ணோடு சேர்த்து உழுதுவிடாதீர்கள், துண்டு துண்டாக நிலத்திலேயே தங்கிவிடும். பொடியாவதற்கு முன்பே சுருட்டி, பிவிசி தனியாக, கறுப்புக் குழாய் தனியாகப் பிரித்து வைத்தால் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் காசு கொடுத்தே வாங்கிக்கொள்வார்.